வாடிய செடி எல்லாம் தாகத்தில் வாடுவதில்லை

நண்பகல் 12 மணி. வெள்ளரிச் செடிகளின் இலைகள் மடக்கிய குடைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. மண்ணில்லா விவசாயத்தில் இரண்டாவது பயிர் எடுத்துக்கொண்டிருந்த அந்த விவசாயி, செடி வாட வாடத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நாளுக்கு 6 முறை ஓடிய சொட்டுநீர், நான் போன அன்று 14 முறை ஓடிக்கொண்டிருந்தது. "எவ்வளவு விட்டாலும் குடிக்கவே மாட்டேன் என்கிறது, சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் செடிகளால் குடிக்க முடியவில்லை.

வளர்ப்புப் பையின் பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டு விரலை உள்ளே விட்டேன். உள்ளே நிரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளான கோகோபீட் சேறாக இருந்தது. குட்டைத் தண்ணீரின் வாடை அடித்தது. கையோடு வந்த வேர் பழுப்பேறி வழவழத்தது. அதன் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிட்டது. உள்ளே தலைமுடி போன்ற ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிர் ஆலோசகனாக நான் போகும் இடங்களில், வறட்சியால் செத்த செடிகளைவிடத் தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்த செடிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாசத்தோடு வளர்ப்பவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இலை தொங்கினால் கை தானாகக் குழாயைத் திறக்கப் போகிறது. திறப்பதற்குமுன் ஒரு பையைக் கீறி வேரைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேரும் மூச்சுவிடுகிறது. ஊடகத்தின், அதாவது மண்ணுக்குப் பதிலாக வேர் ஊன்றும் கோகோபீட் போன்ற பொருளின், துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத்தான் வேர் தன் வேலைக்கான ஆற்றலை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த இடைவெளிகளை எல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வந்து சேராது. காற்றில் பரவுவதோடு ஒப்பிட்டால் நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆக்சிஜன் இல்லாத வேரின் செல்களில் நீரை உள்ளே விடும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் நிற்க, இலை வாடுவது இப்படித்தான்.

வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேரின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அந்த நேரத்தில்தான் இலையும் தொங்குகிறது, நாமும் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். வெயில் நேரடியாக விழும் கறுப்புப் பைகளையும் தொட்டிகளையும் தொட்டுப் பாருங்கள். வேர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று கையே சொல்லும். வெளிப்புறம் வெள்ளையாக உள்ள பை, தொட்டிக்கு நிழல், கரைசலுக்குக் காற்றுக்குமிழி ஆகிய மூன்றையும் நான் செலவாகவே கருதுவதில்லை.

அடுத்ததை விளக்க நான் எப்போதும் ஒரு ஸ்பாஞ்சைக் கையோடு கொண்டுபோவேன். செவ்வக ஸ்பாஞ்சை நீரில் முக்கியெடுத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இனிச் சொட்டாது என்று ஆனபின் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் நீர் வடியும். அதே ஸ்பாஞ்ச், அதே நீர், உயரம் மட்டும்தான் மாறியது. எந்தப் பையிலும் எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பகுதி வடிந்த பிறகும் நீர் நிறைந்தே நிற்கும். துகள் எவ்வளவு பொடியோ அந்த அளவுக்கு அந்தப் பகுதி தடிமனாக இருக்கும். உயரம் குறைந்த பையில் வேருக்குக் கிடைக்கும் இடத்தில் பெரும்பகுதி அந்த ஈர அடுக்குக்கே போய்விடும். வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லி போடுகிறார்களே, அது பயனில்லாத வேலை. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இடம்தான் குறையும்.

எனவே ஊடகத்தை வாங்கும்போதே நீர்ப்பாசனத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. கோகோபீட் பொடியாக இருந்தால் நீரை இறுகப் பிடிக்கும். நார்த்துண்டும் சில்லும் கலந்ததாக இருந்தால் காற்று நிற்கும். பலர் கழுவாமல் பயன்படுத்துகிறார்கள். அதில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நீரால் கழுவினால் ஒரு பங்குதான் போகும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பிறகு அலசினால்தான் அவை ஒட்டியிருந்த இடங்களைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை முதல் சில வாரங்கள் ஊடகமே எடுத்துக்கொள்ளும், செடிக்குப் பற்றாக்குறை வரும். கோகோபீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேற்புறம் காய்ந்து வெளுத்திருக்கும், நான்கு விரல் கீழே ஈரம் சொதசொதக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் விடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக் கல்லும் சுட்ட களிமண் உருண்டைகளும் நேர்மாறு: காற்று தாராளம், நீர் குறைவு, மின்சாரம் போனால் பதறவேண்டியிருக்கும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூலின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) தொடக்கத்தில் அதிகமாக இருக்கும், பி.எச். 5.5 அளவுள்ள நீரில் ஊறவைத்த பிறகே நடவேண்டும்.

சரி, எப்போது தண்ணீர் விடுவது? டைமரை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள். ஒரு பையை நன்றாக நனைத்து, வடியவிட்டு, தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். எடை இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வந்திருக்கிறது என்று பொருள். இரவு முழுவதும் எடை அசையவே இல்லை என்றால் வேர் இயங்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். பொதுவாக நான் முதல் பாசனத்தைச் சூரியன் உதித்து ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கச் சொல்வேன். கடைசிப் பாசனம் சூரியன் மறைவதற்கு அதே அளவு முன்னதாக. மேகமூட்டமான நாளில் செடி குடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அன்றும் வெயில் நாளின் டைமரே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது.

வடிநீரை அளப்பது தினசரி வேலையாக வேண்டும். ஒரு பைக்குக் கீழே தட்டு, அந்தப் பைக்குள் சொட்டும் அளவை அறிய வரிசையில் கூடுதலாக ஒரு சொட்டுவானும் அதன் கீழ் ஒரு பாட்டிலும் இருந்தால் போதும். கொடுத்ததில் 15 முதல் 30 விழுக்காடு வடிந்தால் பெரும்பாலான பழக்காய்ப் பயிர்களுக்குச் சரி. வடிந்த நீரின் ஈ.சி.யையும், அதாவது கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும், பாருங்கள். 2.0 கொடுத்து 3.2 வெளியே வந்தால் உப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. உப்பு மிகுந்தாலும் செடி வாடும். தாகம், மூச்சுமுட்டல் இரண்டுக்கும் அடுத்து இது மூன்றாவது காரணம். இதற்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவது மருந்தாகாது. ஊடகம் நாள் முழுவதும் நனைந்திருக்கும், உப்பும் அப்படியே நிற்கும். முறைகளைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வடியும் அளவுக்கு விட வேண்டும். நீர் கீழே இறங்கும்போது பின்னாலேயே புதிய காற்றை உள்ளே இழுத்து வரும். வேருக்கு அது இன்னொரு மூச்சு.

மேலே தெரியும் அறிகுறிகள் பல நேரம் திசைதிருப்பிவிடும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு என்று தெளிப்பு வாங்கி வருவார்கள். மூச்சுமுட்டிய வேர், கரைசலில் இரும்பு இருந்தும் எடுக்காது. தக்காளியில் இலைக்காம்பு வாடாமலேயே கீழ்நோக்கி வளையும். ஊடகத்தின் மேல் பச்சைப் பாசியும் சிறு கறுப்பு ஈக்களும் தென்பட்டால் ஈரம் மிஞ்சிவிட்டது. அந்த ஈக்களின் புழுக்கள் வேரையும் கடிக்கும். விடியற்காலையில் இலை ஓரங்களில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் எனக்கு நிம்மதி. வேர் வேலை செய்கிறது. வேரின் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில உரங்களின் கறையால் நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். இழுத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

மேல்தோல் உறைபோலக் கழன்றால் பெரும்பாலும் பித்தியம் என்னும் வேரழுகல் நோய்க்கிருமி. காளான்போலத் தோன்றினாலும் அது உண்மையான பூஞ்சை இனம் அல்ல. நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை விடுகிறது. நின்ற நீரும் நலிந்த வேரும் சேர்ந்த இடம் அதற்குத் திறந்த வீடு. வடிநீரைச் சுத்திகரிக்காமல் மறுபடி சுழற்றினால் ஒரு பையின் நோய் வரிசை முழுவதும் பரவும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது சீக்கிரம் சிதைந்துபோகும், நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும், செத்த வேரை உயிர்ப்பிக்காது.

அந்த வெள்ளரித் தோட்டத்தில் பைகளைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மூலகாரணம் கிடைத்தது. வடிகால் கீறல்கள் தரைமட்டத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் நிரந்தரமாக ஒரு குளம். அன்றே கீறல்களைப் பையின் அடிவரை இறக்கினோம், மாலைவரை வடிந்துகொண்டிருந்தது. பாசனத்தை 4 முறையாகக் குறைத்தோம், நண்பகலில் நிழல்வலை போட்டோம், மிஞ்சிய வேரின் சுமை குறையக் காய்களைப் பறித்துவிட்டோம், கரைசலைச் சற்று நீர்க்கவைத்தோம். தண்டின் அடியில் ஈரமான புதிய கோகோபீட்டைக் குவித்து வைத்தோம். வெள்ளரி தண்டிலிருந்தே வேர்விடும் செடி. அதற்கு ஒரு வாய்ப்புத் தந்தோம்.

முதல் வாரம் பகலெல்லாம் இலைகள் தொங்கத்தான் செய்தன. குழாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு படம் அனுப்பினார். குவித்த கோகோபீட்டை விரலால் விலக்கியிருந்தார். தண்டிலிருந்து பால் வெள்ளையில் நான்கைந்து வேர்கள், நுனியில் பஞ்சுபோல மயிர்த்தூவிகள். தண்டே அழுகிவிட்ட இரண்டு வரிசைகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தும்படி அன்றே சொன்னேன். அந்தப் பைகளை மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.