மணியோசை முன்னே, யானை பின்னே

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மலையாளக் காலண்டர் தொங்குகிறது. போன வருடம் மே மாதத்திலிருந்து அதில் தினமும் ஒரு பேனாக் கோடு விழுந்தது. ஓணம் லீவுக்குத் தெற்கே ஒரு தீம் பார்க் போகலாம் என்று எட்டு வயது மகளிடம் வாயை விட்டுவிட்டேன்; அன்று பிடித்த பேனா. கோடு கிழிக்காத நேரத்தில் செல்போன். அந்தப் பூங்காவின் ஒவ்வொரு ரைடையும் யாரோ தலையில் கேமரா கட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்தச் சறுக்கில் எத்தனையாவது வளைவுக்கு அப்புறம் இருட்டுக் குழாய் வரும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

நாள் வந்தது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, படியேறி, வழுக்கி, தண்ணீரில் விழுந்து எழுந்து வந்தவள் கேட்டாள்: "அவ்வளவுதானாப்பா?"

பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சறுக்கு காணொளியில் இருந்த மாதிரியேதான் இருந்தது. சிக்கலே அதுதான்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். வேலை, பூரம் என்று யானை வரும் கோயில் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழமொழியே இல்லை, கண்ணால் காண்பது. தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டதுமே உடம்பு சிலிர்த்துவிடும். யானை வந்து நிற்கும்போது அந்தச் சிலிர்ப்பு ஏற்கெனவே பாதி அடங்கியிருக்கும். இது ஏன் என்பதற்கு மூளைக்குள்ளிருந்தே ஒரு விடை கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர், நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்பதைக் குரங்குகளிடம் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஓர் அறிகுறியைத் தவறாமல் காட்டிப் பழக்கினார். சில நாளில் துடிப்பு இடம் மாறிவிட்டது. அறிகுறி தெரிந்ததும் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. அறிகுறியைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில், சும்மா இருக்கும்போது உள்ள துடிப்பும் குறைந்தது. மூளை கடிகாரம் பார்த்துக்கொண்டு ஏமாந்திருக்கிறது! பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை இதைக் கணக்காக்கியது. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மிச்சம் எதுவோ, அதைத்தான் அந்த அணுக்கள் அறிவிக்கின்றன.

டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மிச்சக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை என்பதுதான் அதற்குப் பொருத்தமான பெயர்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூங்காவின் வேவ் பூல், அதாவது செயற்கை அலைக் குளத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் போதும். அலை கிளம்புவதற்கு முன் ஒரு ஹாரன் ஊதுவார்கள். 'ஓ' என்று மொத்தக் கூட்டமும் கத்துவது அந்த ஹாரனுக்கு. அலை வந்து மேலே மோதும்போது அதில் பாதிச் சத்தம்கூட இருக்காது.

என் மகள் விஷயத்தில் ஹாரன் மூன்று மாதம் ஊதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காணொளியும் எதிர்பார்ப்பை இன்னும் துல்லியமாகத் தீட்டியது. கழிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படியானால் எதிர்பார்ப்பையே குறைத்துவிட்டால்? "ரொம்ப ஆசைப்படாத கண்ணு, அப்பறம் ஒண்ணுமில்லாம போயிரும்" என்று அவளுடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஆரம்பத்திலேயே சொன்னார். அதே கணக்கின்படி பார்த்தால் அம்மிச்சி சொன்னது சரி. லண்டனில் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் முதல் பார்வைக்கு அவர் பக்கம்தான் பேசும். செல்போன் விளையாட்டில் சிறு பந்தயங்கள் கட்ட வைத்து, நடுநடுவே 'இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்' என்று 18,420 பேரிடம் கேட்டார்கள். எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, நினைத்ததைவிடக் கூடுதலாக ஜெயித்தார்களா என்பதே அந்தந்தக் கணத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது.

ஆனால் மகிழ்ச்சிக்கு அந்த ஆய்வு போட்ட அதே சமன்பாட்டில் இன்னொரு உறுப்பும் இருக்கிறது. நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, முடிவு தெரிவதற்கு முன்பே மகிழ்ச்சியை ஏற்றிவிடுகிறது. அதைக் குறைத்தால் அந்தப் பங்கும் போய்விடும். அந்தப் பங்கு சின்னதில்லை. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து யெரோன் நவைன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது கிளம்புவதற்கு முன்னால்தான். திரும்பி வந்தபின், மிக நிம்மதியாகக் கழித்துவந்த சிலரைத் தவிர, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்தக் காலண்டர்க் கோடுகளை நான் வீண் என்று சொல்லமாட்டேன். டிக்கெட் காசில் பாதி அங்கேயே வசூலாகிவிட்டது.

ஆகவே குறைப்பதைவிட மங்கலாக்குவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசை பெரிதாகவே இருக்கட்டும். அதற்குத் துல்லியமான உருவம் வேண்டாம். ஷுல்ட்ஸ் ஆய்வகத்திலிருந்தே 2003இல் இன்னொரு முடிவு வந்தது. சாறு வருமா வராதா என்பது சரிபாதி நிச்சயமின்மையாக இருந்தபோதுதான், அறிகுறிக்கும் சாறுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த அணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்குப் போனது. எல்லா ரைடையும் முன்கூட்டியே பார்த்துவைப்பது அந்த ஏற்றத்தைத் துடைத்துவிடுகிறது.

எங்கள் பயணத்திலேயே இதற்குச் சாட்சி இருந்தது. போகிற வழியில் குதிரான் சுரங்கப்பாதை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு, 2021இல் திறந்தது. அதைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை. மலைக்குள் வண்டி நுழைந்ததும் அவள் போட்ட கூச்சலில் டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காசில்லாத ரைடு அது. எதிர்பார்ப்பு பூஜ்யம் என்பதால் வந்தது முழுக்க மிச்சம்.

(எங்கள் தலைமுறைக்கு மலம்புழாதான் எல்லாம். காமராஜர் 1955இல் திறந்துவைத்த அணை. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்ததும் அதே ஆண்டு. ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு வரும் ராட்டாந்தூரி ராட்டினத்தை மட்டும் பார்த்திருந்த எங்களுக்கு மலம்புழாத் தோட்டத்து நீரூற்றே திகட்டத் திகட்ட இருந்தது. அளவுகோல் அப்போது கீழே இருந்தது, வேறொன்றுமில்லை.)

எதிர்பார்ப்பு நம்மை ஏமாற்ற இன்னொரு வழியும் உண்டு. நடக்கப்போவதைக் கற்பனை செய்யும்போது அந்த ஒன்றை மட்டும் வெளிச்சம் போட்டுப் பார்க்கிறோம். அதைச் சுற்றியிருக்கும் நாளை இருட்டில் விட்டுவிடுகிறோம். காணொளியில் சறுக்கு ஓரிரு நிமிடம். வரிசை கிடையாது, சுடும் சிமென்ட் தரை கிடையாது, ஈர ஜட்டி கிடையாது, பசி கிடையாது. டிமதி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம், தங்கள் அணி ஜெயித்தால் எவ்வளவு சந்தோஷப்படுவீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு முன், அந்த எதிர்கால நாளில் வேறென்னவெல்லாம் செய்வோம் என்று நாட்குறிப்பு மாதிரி எழுதியவர்களின் கணிப்பு நிதானத்துக்கு இறங்கியது. பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்க்கலாம். காலை நாலரைக்கு எழுந்து பல் தேய்ப்பதிலிருந்து வண்டியில் தூங்கிவிழுவதுவரை அந்த நாளை எழுதச் சொன்னால் வரிசையும் தானாக அதில் வந்து நிற்கும். வரிசையில் கையில் வேலை இல்லாத நேரம் நீளமாகத் தெரியும் என்று டேவிட் மைஸ்டர் 1985இலேயே எழுதிவிட்டார். அந்தாட்சரி எதற்கு இருக்கிறது?

நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குக் கூட்டப்பொரிச்சல் தெரியும். வெடிக்கட்டு என்ற வாணவேடிக்கையின் கடைசியில் மிச்சமிருப்பதெல்லாம் ஒரே மூச்சில் வெடிக்கும், பூமி அதிரும். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வெடித்தது என்பது அப்புறம் யாருக்கும் நினைவிருக்காது. வெடிக்காரர்கள் தெரிந்துவைத்திருந்த இதை உளவியல் அறிஞர் டேனியல் கானெமன் 1993இல் குளிர்ந்த தண்ணீரை வைத்துச் சோதித்தார். ஒருமுறை 14 டிகிரித் தண்ணீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே தண்ணீர் மெல்ல ஒரு டிகிரி சூடேறும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்றபோது பெரும்பாலோர் கேட்டது நீளமான இரண்டாவதை! நினைவு உச்சத்தையும் முடிவையும்தான் எடுத்துக்கொள்கிறது; நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. காசுக்குப் பழுதில்லாமல் பூட்டும்வரை இருந்துவிட்டு, இருட்டில் வண்டி தேடி, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இந்தக் கணக்கில் மோசமான வியாபாரம். நாங்கள் ஒரு மணி நேரம் முன்பே வேவ் பூலோடு முடித்துக்கொண்டோம். திட்டம் போட்டெல்லாம் இல்லை. என் முட்டி வலி.

மூன்று வாரம் கழித்து, வேலந்தாவளத்திலிருந்து வந்த மாமா மகளிடம் அவள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சறுக்கில் உசிரே போய் உசிரே வந்ததாம். வரிசை கதையில் வரவே இல்லை. 'அவ்வளவுதானா'வும் இல்லை. டெரன்ஸ் மிட்செல், லீ தாம்ப்சன் ஆகியோர் 1997இல் சைக்கிள் பயணம் போன மாணவர்களிடம் கண்டது இதே கதைதான். போவதற்கு முன் ஆசை, போகும்போது மழையும் சலிப்பும், திரும்பிய சில நாளில் நினைவு மறுபடி ரோஜா நிறம்.

நான் திருத்தப் போகவில்லை. மாமா வீட்டுக் காலண்டரில் இப்போது கோடு விழ ஆரம்பித்திருக்கிறதாம்.