மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பவர்களுக்கு

மலேசியாவுக்கு வேலைக்கு வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள் என்று பலருக்கும் பேச்சு மலாய் சொல்லிக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். முதல் வகுப்புக்கு வரும்போதே பலர் கையில் ஒரு நோட்டு இருக்கும். இடது பக்கம் மலாய்ச் சொல் தமிழ் எழுத்தில், வலது பக்கம் பொருள். வேலை முடிந்த அசதியிலும் உட்கார்ந்து எழுதியது என்பது பார்த்தாலே தெரியும். அந்த நோட்டை மூடி வைக்கச் சொல்வதற்கு மனம் வராது. ஆனாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

உணவகம் ஒன்றில் கல்லாவில் நிற்கும் தம்பி ஒருவரின் நோட்டில் ‘பாகி – காலை’ என்று ஒரு வரி இருந்தது. நாலு வரி தள்ளி ‘பாகி – கொடு’. அடுத்த பக்கத்தில் ‘பாக்கி – மீதிச் சில்லறை’. இவை மூன்றும் மலாயில் மூன்று தனிச் சொற்கள். ‘காலை’ என்ற பொருளுள்ள சொல் ‘பல்’லில் வரும் ப-வில் தொடங்குகிறது. மற்ற இரண்டும் ‘கம்பு’ என்பதில் ம்-க்குப் பின்னால் வருகிற ப-வில் தொடங்குகின்றன. நடுவில் இருக்கும் எழுத்து முதல் இரண்டில் ‘சங்கு’வின் கு போல மெத்தென்று ஒலிக்கும், சில்லறையில் ‘கல்’லின் க போல வல்லென்று ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இவற்றை முழுதாகப் பிரித்துக் காட்ட வழியில்லை. தம்பி மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்ல, எதைச் சொல்கிறார் என்று புரியாமல் எதிரில் நிற்கும் மலாய்க்காரர் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இது தமிழின் குறை இல்லை. நமக்குச் சொல்லில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும், அதனால் தனி எழுத்து தேவைப்படவில்லை. மலாயில் அப்படி இல்லை. இரண்டு ஒலியும் சொல்லின் முதலிலும் வரும், நடுவிலும் வரும், பொருளையும் மாற்றும். இந்தக் கட்டுரையில் நானும் மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். அதை அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை ஆளிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

சரி, தமிழ் எழுத்து வேண்டாம், ஆங்கில எழுத்துதானே, படித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறு சிக்கல். இன்றைய மலாய் எழுத்துமுறைக்கு ரூமி என்று பெயர். அதே 26 எழுத்துகள். ஆனால் ‘சி’ எழுத்து மலாயில் ஒருபோதும் ‘க’ ஆகாது. ‘பச்சை’யில் வரும் ச்ச ஒலிதான் எப்போதும். கோப்பைக்கு ‘ச்சாவான்’ என்று பெயர். ஆங்கிலப் பழக்கத்தில் அதைக் ‘காவான்’ என்று படித்தால் நண்பன் என்று பொருள். தமிழ்ப் பழக்கம் வேறு மாதிரி இடறும்: சொல்லின் முதலில் வரும் ச-வை நாம் மெல்லச் சொல்லிவிடுவோம். பேரப்பிள்ளை என்பதற்கான ‘ச்சுச்சு’வை அப்படிச் சொன்னால் ‘சுசு’ ஆகிவிடும், அது பால்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ரூமியின் ‘இ’ (e) என்ற எழுத்துதான். ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி, எழுத்தைப் பார்த்து எது என்று தெரியாது. ஒன்று தமிழ் எ, ஏ போல ஒலிப்பது. இதைத் தாலிங் என்பார்கள். இன்னொன்று பெப்பெட். ‘அது’ என்று இயல்பாகப் பேசும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, அந்தக் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி அது. ஆக, அதற்கு நெருங்கிய ஒலி ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. சொல்லின் கடைசியில் மட்டும் வைத்துப் பழகியதை முதலிலும் நடுவிலும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். நாலு, ஆறு என்பதற்கான மலாய்ச் சொற்களை ‘எம்பாட்’, ‘எனாம்’ என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் முதல் ஒலி பெப்பெட், எ அல்ல. ‘மெர்டேக்கா’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம். ரூமியில் அந்த இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துதான். முதலாவது பெப்பெட், இரண்டாவது தாலிங்.

‘பெராங்’ என்ற சொல்லைப் பெப்பெட்டோடு சொன்னால் போர், தாலிங்கோடு சொன்னால் பழுப்பு நிறம். ‘செமாக்’ தாலிங்கில் ‘சரிபார்’, பெப்பெட்டில் புதர். வங்கிக் குறுஞ்செய்தியிலும் அரசாங்கப் படிவத்திலும் ‘சரிபார்’ அடிக்கடி வரும், ஆகவே இதைச் சீக்கிரமே பழகிவிடுவது நல்லது. ஒரு பிடிமானம் உண்டு: பெர், தெர், மெ, கெ, செ என்று சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டுகளில் எப்போதும் பெப்பெட்தான். மற்றவற்றுக்கு அகராதி. மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிடும் காமுஸ் டேவான் அகராதியில் தாலிங் வரும் இடத்தில் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். நீங்களும் உங்கள் நோட்டில் ரூமியில் எழுதி, அதே கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உடன் வேலை செய்யும் மலாய் நண்பரை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பூ என்பதற்கு மலாயில் ‘புஙா’. பூங்கா என்ற நம் சொல்லின் நினைவில் ‘புங்கா’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கை, ‘வேண்டாம்’, ‘உடன்’ என்பவற்றுக்கான சொற்களிலும் இதே ங மட்டும்தான், பின்னால் க இல்லை. க ஒலிக்க வேண்டிய இடத்தில் ரூமியில் ‘ஜி’ எழுத்து இன்னொரு முறை வரும். இந்த விஷயத்தில் எழுத்து ஏமாற்றாது. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், அந்த ஙகரம் வந்துவிடும். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மலையாளம் காதில் விழுந்து பழகியிருப்பதால் இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

சொல்லின் முடிவு இன்னும் முக்கியம். மெய்யில் முடியும் சொல்லோடு ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவது நம் இயல்பு. ‘சாக்கிட்’ (வலி) ‘சாக்கிட்டு’ ஆகிவிடும். மலாயில் நாக்கு மேலே போய் ஒட்டியதும் அங்கேயே நின்றுவிட வேண்டும். பிள்ளை என்னும் ‘அனாக்’கில் கடைசி க் கேட்கவே கேட்காது, தொண்டை சட்டென்று அடைபட்டு ஒலி அறுந்து நிற்கும். அதே சமயம், கடைசியில் வரும் ‘எச்’சை விழுங்கக் கூடாது. ‘டாராஹ்’ என்றால் இரத்தம். அந்தக் கடைசி மூச்சு இல்லாமல் ‘டாரா’ என்றால் கன்னிப்பெண். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைக்குப் போய் நிற்கும்போது இந்த மூச்சு அவசியம். ‘பாவா’ கொண்டுவா, ‘பாவாஹ்’ கீழே. ‘மூடா’ இளமை, ‘மூடாஹ்’ எளிது.

வகுப்பில் கொஞ்சம் தேறியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘சி’ மட்டுமே ச்ச என்றால் பூச்சோங், செராஸ், கூச்சிங் பெயர்ப்பலகைகளில் ‘சி’யோடு ‘எச்’சும் ஏன் இருக்கிறது? அது பழைய எழுத்துமுறை. ஆங்கிலேயர் ஆண்ட இங்கே ஆங்கிலத்தை ஒட்டியும், டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் டச்சை ஒட்டியும் ரூமி வளர்ந்தது. 1972-இல் இரு நாடுகளும் பொதுமுறைக்கு வந்தபோது ‘எச்’ போய்விட்டது. ஊர்ப் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் பழையது தங்கிவிட்டது. பெயரை மாற்றி எழுதாதீர்கள். குறிப்பாகப் படிவங்களில், அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

ரூமிக்கு முன்னால் மலாய் பல நூற்றாண்டுகள் ஜாவியில் எழுதப்பட்டது. அரபு எழுத்தோடு ச்ச, ங, ப, ஞ போன்ற ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகள் சேர்த்த முறை. தமிழ் முஸ்லிம்களின் அர்வி எனப்படும் அரபுத்தமிழும் அரபில் இல்லாத நம் ஒலிகளுக்கு இப்படித்தான் வழி கண்டது. திரங்கானு கல்வெட்டு ஜாவியில்தான் இருக்கிறது. அதன் காலம் 1303 என்று பொதுவாகக் கொள்வார்கள். அதற்கும் முன்னால், இந்தோனேசியாவின் பலெம்பாங் அருகே கிடைத்த 682-ஆம் ஆண்டின் கெடுகான் புக்கிட் கல்வெட்டு பழைய மலாயைப் பல்லவ எழுத்தில் சொல்கிறது. காஞ்சியிலிருந்து ஆண்டவர்களின் எழுத்துமரபு கடல் தாண்டி மலாயைத் தாங்கியிருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். 1963-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டப்படி எழுத்து ரூமி, ஜாவிக்கும் தடையில்லை. ரிங்கிட் நோட்டிலும் கிளந்தான், திரங்கானு கடைப்பலகைகளிலும் அதைப் பார்க்கலாம். வேலைக்கு வந்தவர்கள் ஜாவி படிக்க வேண்டிய கட்டாயமில்லை.

கடைசியாக, ‘அப்பா’ என்று எழுதி ‘என்ன’ என்று பொருள் போட்டிருப்பீர்கள். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் அதன் கடைசி ஆகாரம் பெப்பெட்டாக ஒலிக்கும். எழுதியபடியே ஆ என்று ஒலிக்கும் முறையை 1988-இல் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள், 2000-இல் கைவிட்டார்கள். கெடா, பெர்லிஸ், சபா, சரவாக் பக்கம் மக்கள் ஆ என்றே சொல்கிறார்கள். கிளந்தானில் சாப்பிடு என்பதே ‘மாக்கே’ என்று காதில் விழும். வேலை எந்த ஊரில் என்று முதல் நாளே உங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், அந்த ஊர் உச்சரிப்பிலேயே தொடங்கலாம்.