நினைவகத்தைப் பங்கு பிரிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஒரு பெரிய சர்வரைப் பல சர்வர்களாகப் பிரிக்க முடியும். பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனி இயங்குதளம் ஓடும். ஒன்று நின்றுபோனாலும் மற்றவை தம் வேலையைத் தொடரும். இந்தப் பகுதிக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். வன்தட்டைப் பிரிக்கும் பார்ட்டிஷன் வேறு; இங்கே துண்டாவது இயந்திரமே.

செயலிகளைப் பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு செயலி பாதியில் விட்ட வேலையின் நிலை அதன் பதிவகங்களில், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களில், அடங்கிவிடும். அதைக் குறித்து வைத்துவிட்டுச் செயலியை இன்னொரு பார்ட்டிஷனிடம் கொடுத்துவிடலாம். நினைவகம் அப்படி வராது. அதன் ஒவ்வொரு முகவரியிலும் ஏற்கெனவே ஏதோ ஒன்று குடியிருக்கிறது. பார்ட்டிஷன் தொழில்நுட்பத்தின் உண்மையான சாமர்த்தியம் முழுவதும் இந்தக் குடியிருப்பைக் கையாளுவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் வன்பொருள் பார்ட்டிஷன். 1997-ல் சன் நிறுவனம் வெளியிட்ட எண்டர்பிரைஸ் 10000 சர்வரில் 16 சிஸ்டம் போர்டுகள் இருந்தன. போர்டுக்கு நான்கு செயலிகள், அவற்றின் அருகிலேயே நினைவகம். சில போர்டுகளைச் சேர்த்தால் ஒரு டொமைன்; பார்ட்டிஷனுக்குச் சன் வைத்த பெயர் அது. எந்தப் போர்டுகளின் கோரிக்கைகளுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது போர்டுகளை இணைக்கும் மின்சுற்றின் பதிவகங்களிலேயே எழுதப்பட்டிருக்கும். பக்கத்து டொமைனிலிருந்து வரும் கோரிக்கை இந்தப் பக்கம் எட்டவே எட்டாது. 2000-ல் வந்த எச்பி சூப்பர்டோமும் இதே வழியில் சென்றது. அங்கே போர்டுக்குப் பெயர் செல். இந்தச் சுவர் மென்பொருளால் கட்டப்பட்டதல்ல என்பதால் மென்பொருளின் பிழை அதை எளிதில் தாண்டாது. விலை என்னவென்றால், முழுச் செல்லாகத்தான் கொடுக்கவும் வாங்கவும் முடியும். அரைச் செல் கிடையாது.

பார்ட்டிஷனுக்குள் வந்துவிட்டால் அடுத்த கேள்வி, பல செல்களில் சிதறிக் கிடக்கும் நினைவகத்தை எப்படி ஒன்றாக்குவது. செயலிக்குத் தன் செல்லின் நினைவகம் அருகில் இருக்கிறது. அடுத்த செல்லின் நினைவகத்தை எட்ட அதிக நேரம் பிடிக்கும். இந்த ஏற்றத்தாழ்வை மறைக்க, முகவரிகளைச் சீட்டு பரிமாறுவதுபோல் விநியோகித்தார்கள். ஒரு கேச் வரி, அதாவது செயலி நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் 64 அல்லது 128 பைட், முதல் செல்லுக்கு, அடுத்த வரி இரண்டாவது செல்லுக்கு, அதற்கடுத்தது மூன்றாவதற்கு. இதனால் யாருக்கும் மிக வேகமும் இல்லை, மிகத் தாமதமும் இல்லை. பல செயலிகள் ஒரே தரவைப் பகிரும் தரவுத்தளத்துக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் ஒரு புரோகிராம் தனக்கு மட்டுமே வைத்திருக்கும் தரவும் இப்படி ஊரெல்லாம் சிதறினால் அது வீண் அலைச்சல். அதனால் பிற்பாடு ஒவ்வொரு செல்லிலும் ஒரு பங்கை விநியோகத்தில் சேர்க்காமல், அந்தச் செல்லின் சொந்த நினைவகமாக ஒதுக்கும் வசதி வந்தது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஓடும் வேலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐபிஎம்மின் பவர் சர்வர்களில் வந்த தருக்கப் பார்ட்டிஷன், சுவரை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அடுக்குக்கு மாற்றியது. நினைவகம் சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு கட்டம் 16 மெகாபைட்டாகவோ 256 மெகாபைட்டாகவோ இருக்கலாம். இயந்திரத்தின் எந்த மூலையிலிருந்து கட்டங்கள் வந்தாலும், பார்ட்டிஷனுக்குத் தன் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்கி வரிசையாக இருப்பதாகவே தெரியும். இயங்குதளம் நினைவகத்தைக் கையாளும் சிறு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். ஒவ்வொரு பக்கத்தின் உண்மை முகவரியையும் காட்டும் பக்க அட்டவணை ஹைப்பர்வைசரின் கையில் இருக்கிறது. இயங்குதளம் அதில் நேரடியாக எழுத முடியாது. கேட்டுத்தான் எழுதவைக்க வேண்டும்.

இங்கே பலர் தெரியாமல் நினைவகத்தை இழக்கிறார்கள். பார்ட்டிஷனை அமைக்கும்போது குறைந்தபட்சம், விரும்பும் அளவு, அதிகபட்சம் என்று மூன்று எண்கள் தர வேண்டும். பக்க அட்டவணையின் அளவு கணக்கிடப்படுவது இப்போது பயன்படும் நினைவகத்திலிருந்து அல்ல, அந்த அதிகபட்சத்திலிருந்து. பல மாடல்களில் அது அதிகபட்சத்தில் 64-ல் ஒரு பங்கு. 32 ஜிகாபைட் போதும் என்ற பார்ட்டிஷனுக்கு, பிற்காலத்தில் உதவும் என்று அதிகபட்சமாக 512 ஜிகாபைட் எழுதினால், அட்டவணைக்கு மட்டும் 8 ஜிகாபைட் போய்விடும். பார்ட்டிஷனை நிறுத்தி, புதிய அளவுகளோடு மறுபடி தொடங்கினால்தான் அதை மீட்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனுக்கு நினைவகம் சேர்ப்பது எளிது. திரும்ப வாங்குவதில்தான் சோதனை தொடங்குகிறது. மீண்டும் சன் சர்வருக்கு வருவோம். கழற்றப்போகும் போர்டில் சாதாரண புரோகிராம்களின் பக்கங்கள் இருந்தால், அவற்றை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு முகவரியை மாற்றிவிடலாம். இயங்குதளத்தின் கருவான கர்னலின் பக்கங்களை அப்படி நகர்த்த முடியாது. நகலெடுக்கும் வேலையைச் செய்வதே அந்தப் பக்கங்களில் இருக்கும் நிரல்தானே! எனவே சன்னின் சொலாரிஸ் இயங்குதளம் கர்னலை ஒரு கூண்டுக்குள் அடைக்கப் பழகியது. கர்னலின் பக்கங்கள் கூடியவரை ஓரிரு போர்டுகளில் மட்டும் தங்கும். மற்றப் போர்டுகளை எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம்.

கூண்டு இருக்கும் போர்டையே கழற்ற நேர்ந்தால்? அப்போது இயங்குதளம் முழுவதும் சற்று நேரம் உறையவைக்கப்படும். சாதனங்கள் ஓயும், செயலிகள் காத்திருக்கும். போர்டின் நினைவகம் முழுவதும் காலியான இன்னொரு போர்டுக்கு நகலெடுக்கப்படும். பிறகு பழைய போர்டின் முகவரிகள் புதிய போர்டுக்குச் சூட்டப்படும். கர்னல் விழித்து, அதே முகவரிகளில் தன் தரவு அப்படியே இருப்பதைக் கண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.