ஜோங்தேக்: பூர்வீக வீடா, மூத்தவழி இல்லமா?

கொரியாவின் பழைய யாங்பான் பிரபுக் குடும்பங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஜோங்தேக்’ என்பதைப் ‘பூர்வீக வீடு’ என்று சொல்லிவிடத் தோன்றும். பொருந்தாது. பூர்வீக வீட்டில் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு உண்டு; ஜோங்தேக் தலைமகன் வழிக்கு மட்டுமே போகும். இளையவர்கள் வேறு வீடு கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சீன வேர்ச்சொற்கள் இரண்டு சேர்ந்தது இது. ‘தேக்’ என்றால் வீடு. ‘ஜோங்’ என்பதற்கான சீன எழுத்தில் மேலே கூரை, கீழே பலிபீடம். முன்னோரை வழிபடும் இடம் என்பதே ஆதிப் பொருள். குலத்தின் மூத்த கிளை என்பது அதிலிருந்து வந்தது.

கட்டடத்திலும் இதைக் காணலாம். ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் சராங்சே, பெண்கள் புழங்கும் ஆன்சே, வாசலையொட்டி வேலையாட்களின் ஹேங்நாங்சே. இவற்றுக்குப் பின்னால், மேட்டில், தனிச் சுவருக்குள் சாதாங் என்னும் முன்னோர் கோயில். அங்கே முன்னோரின் பெயர்ப்பலகைகளை நான்கு தலைமுறைவரை வைத்து வழிபட்டுப் பிறகு புதைத்துவிடுவார்கள். பெரும்புகழ் பெற்றவரின் பலகை மட்டும் நிரந்தரமாக இருக்கும்; அதற்குப் ‘புல்சொன்வி’ என்று பெயர்.

தென்கொரியாவின் ஆன்தோங் நகரருகே ஹாஹ்வே கிராமத்தில் ஒரு சுவையான நிலைமை. 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த ரியூ சொங்ரியோங் வீட்டுக்கு இளையவர். ஆகவே குலத்தின் தலைமை வீடு அண்ணன் வழியின் யாங்ஜின்தாங்தான். நாட்டையே நடத்தினாலும் தம்பி தம்பிதானே! ஆனால் அவர் பெயர்ப்பலகை புல்சொன்வி ஆனதால் அவரிடமிருந்து ஒரு புதிய கிளை தொடங்கியது. அதன் ஜோங்தேக் சுங்யோதாங்.

ஆன்தோங்கிலேயே 1519இல் எழுந்த இம்சொங்காக் என்னும் ஜோங்தேக் பட்ட பாடு வேறு. அதன் வாரிசு யீ சாங்ரியோங் விடுதலைப் போராட்டத்துக்காக 1911இல் மஞ்சூரியா புறப்படும் முன், பெயர்ப்பலகைகளை மண்ணில் புதைத்துவிட்டார். பின்னர் ஜப்பானிய ஆட்சி வளாகத்தின் ஒரு பகுதியை இடித்து ரயில் பாதை போட்டது. 2020 இறுதியில்தான் அவ்வழியே ரயில் ஓடுவது நின்றது.

தமிழில் ‘மூதில்’ என்ற சங்கச் சொல் அழகாக நெருங்கி வருகிறது. ‘மூதில் மகளிர்’ என்பது புறநானூறு. ஆனால் அது குடியின் தொன்மையைச் சொல்லுமே தவிர மூத்தவன் உரிமையைச் சொல்லாது. ‘மூத்தவழி இல்லம்’ என்பதே என் தேர்வு. ஜோங்சோன் ‘மூத்தவழி வாரிசு’, அவர் மனைவி ஜோங்பு ‘மூத்தவழி மருமகள்’ என்று உறவுச் சொற்களையும் அதே அடியில் ஆக்கிக்கொள்ளலாம்.