ஒரு ஜிப் ஃபைலை மட்டும் மாத்தினா என்ன ஆகிடப் போகுது?

போன வாரம் டீமுக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தர் கேட்டாரு, "அண்ணா, ஜாவாவோட ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் ஜாவா கோடுதானே, ஒரு விஎம்மோடதை எடுத்து இன்னொரு விஎம்ல போட்டா ஓடணும்ல?" நியாயமான கேள்விதான் (விஎம்னா ஜாவா கோடை ஓட்டுற வர்ச்சுவல் மெஷின்). இதே நினைப்புல நானும் ஒரு காலத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஒரு கிளையன்ட்டோட சின்ன ஏஆர்எம் போர்டு, அதுல ஜேம்விஎம்னு ஒரு குட்டி விஎம், லைப்ரரிக்கு குனு கிளாஸ்பாத்னு ஒரு ஓபன் சோர்ஸ் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. கிளாஸ்பாத்தோட புது வெர்ஷன்ல எங்களுக்கு வேண்டிய பக் ஒண்ணு சரியாகியிருந்துச்சு, நான் பாட்டுக்கு அந்த லைப்ரரி கிளாஸ்கள் இருக்கிற புது ஜிலிப்ஜே.ஜிப்பை மட்டும் பழசு மேல காப்பி பண்ணிட்டேன். ஹலோ வேர்ல்டு ஓடுச்சு, ஆப்பும் எழுந்துச்சு, கிளம்பிட்டேன். மூணு நாள் கழிச்சு ஃபோன் வருது, பாத்தா 'நோ சச் மெத்தட் எரர்', அதாவது கூப்பிட்ட மெத்தடே இல்லைங்குது!

விஷயம் என்னன்னா ஜேம்விஎம்மோட பூட் கிளாஸ்பாத்ல (அடிப்படை கிளாஸ்களை விஎம் தேடுற பாதை) ரெண்டு ஜிப் இருக்கும், முதல்ல ஜேம்விஎம்மோட சொந்த கிளாசஸ்.ஜிப், அப்புறம்தான் ஜிலிப்ஜே. விஎம்கிளாஸ், விஎம்த்ரெட்னு 'விஎம்'ல ஆரம்பிக்கிற கிளாஸ்கள்தான் லைப்ரரியும் விஎம்மும் பேசிக்கிற இடம், அதை ஜேம்விஎம் தனக்கேத்த மாதிரி எழுதி தன்னோட ஜிப்ல வெச்சிருக்கும். புது லைப்ரரி கூப்பிட்ட மெத்தட் அந்தப் பழைய ஜிப்ல இல்ல. ஜேம்விஎம் அந்த மெத்தடை நிஜமா கூப்பிடுற வரைக்கும் தேடாது, அதனாலதான் மூணு நாள் சத்தமில்லாம இருந்துச்சு. உடனே விழுந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்.

குனு கிளாஸ்பாத்லயாவது இந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான எடத்துல ஓடுற விஎம்மான ஹாட்ஸ்பாட்ல இன்னும் நெருக்கம், ஸ்ட்ரிங் கிளாஸுக்குள்ள 'வேல்யூ'ன்னு ஒரு ஃபீல்டு இருக்கும், இன்ன டைப்பா இருக்கும்னு விஎம்மோட சி++ கோடுக்கே தெரியும். ஜாவா 9ல அது கேரக்டர் அரேலேர்ந்து பைட் அரேயா மாறுச்சு, அப்போ விஎம்மும் கூடவே மாறணும். ஓபன்ஜே9ங்கிற இன்னொரு விஎம் ஓபன்ஜேடிகே (ஜாவாவோட ஓபன் சோர்ஸ் டெவலப்மென்ட் கிட்) லைப்ரரியைத்தான் எடுத்துக்குது, ஆனா ஸ்ட்ரிங், கிளாஸ் மாதிரி அடிமட்ட கிளாஸ்கள் சிலதுக்கு சொந்த சரக்கு வெச்சிருக்கு. அப்பாச்சி ஹார்மனிங்கிற ஓபன் சோர்ஸ் ஜாவா ப்ராஜெக்டும் இந்த மாதிரி கிளாஸ்களை 'கெர்னல் கிளாஸ்'னு தனியாப் பிரிச்சு விஎம் எழுதுறவங்க தலையிலயே கட்டுச்சு. அந்த ப்ராஜெக்ட் 2011லயே மூடியாச்சு, ஆனா ஆண்ட்ராய்டு அதோட கோடைத்தான் ரொம்ப நாள் ஓட்டிட்டு, 2016ல ஆண்ட்ராய்டு 7லதான் ஓபன்ஜேடிகே பக்கம் வந்துச்சு.

"நான் விஎம்மா எழுதுறேன், எனக்கென்ன"ன்னு நினைக்காதீங்க. ரிஃப்ளெக்ஷன் (ஓடுறப்பவே கிளாஸுக்குள்ள நுழைஞ்சு பாக்குற வசதி) வெச்சு ஸ்ட்ரிங்கோட 'வேல்யூ'வை எடுத்து கேரக்டர் அரேயா காஸ்ட் பண்ண கோடை நானே ரெண்டு எடத்துல பாத்திருக்கேன், ஜாவா 8ல ஓடும், 9ல அடிவாங்கும். ஹேஷ்மேப் எந்த வரிசையில தருதுங்கிறதை நம்பி எழுதின டெஸ்ட்டும் இதே கதைதான், ஸ்பெக்ல வரிசையைப் பத்தி எந்த வாக்குறுதியும் கிடையாது, லைப்ரரி மாறினா வரிசையும் மாறலாம். ஜேடிகே மாத்துறதுக்கு முன்னாடி, கோடு எந்தெந்த கிளாஸை நம்பியிருக்குன்னு காட்டுற ஜேடெப்ஸ் டூலை ஜேடிகே-இன்டர்னல்ஸ் ஆப்ஷனோட ஒருதடவை ஓட்டிப் பாருங்க, ரிஃப்ளெக்ஷன்ல நுழைஞ்சதை அது காட்டாது, அதைக் கையாலதான் தேடணும். சர்வர்ல 'ஜாவா மைனஸ் வெர்ஷன்' அடிச்சா மூணாவது வரியில எந்த விஎம்னு வரும், அதையும் பாருங்க, பலபேர் முதல் வரியோட நிறுத்திடறாங்க.

அந்த போர்டுல கடைசியா பழைய ஜிலிப்ஜேவையே திரும்பப் போட்டு, அந்த பக்கை ஆப் கோடுலயே சுத்திப் போற மாதிரி எழுதிக் குடுத்தேன்.