பழைய டவுன்ஹாலில் சிமென்ட் மூட்டை இறங்கும் முன்

விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐம்பது ஆண்டு நிறைந்தது 1887-இல். அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் பணம் போட்டு, பொதுமக்கள் கூடுவதற்கென்று மண்டபம் கட்டும் வழக்கம் பரவியது. கோவையில் டவுன்ஹால் என்பது இன்று ஒரு வட்டாரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. சென்னையில் ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அந்தக் காலத்ததுதான். வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1897-இல் விவேகானந்தர் பேசியது அங்கே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டதும் அங்கேதான். பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2023-இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பில் சீரமைப்பு தொடங்கியது.

அது பெரிய கட்டடம், பத்திரிகையில் வரும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். எனக்குக் கவலை சின்ன ஊர்களைப் பற்றித்தான். பழைய நகராட்சி மண்டபம், சத்திரம், வாசகசாலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சமுதாயக் கூடமாக மாற்றலாம் என்று தீர்மானம் போட்டு, என்னைப் போன்ற மரபுக் கட்டடப் பொறியாளர் யாரையாவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "சார், ஃபண்ட் வந்தாச்சு. மார்ச்சுக்குள்ள முடிக்கணும்."

இந்தப் பழைய சுவர்களின் பூச்சு சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கு மார்ச் தெரியாது, மெல்லத்தான் இறுகும். சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் நிதியாண்டு முடியும் அவசரத்தில் பழைய காரையைக் கொத்தித் தள்ளிவிட்டு, சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துத் திறப்பு விழா நடத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, நூறு வருஷ மழை செய்யாத கெடுதலை இந்த ஒரு வேலை செய்துவிடுகிறது.

காரணம் எளிது. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத் தடுப்பு கிடையாது. மண்ணில் உள்ள நீர் செங்கல் வழியாக மெல்ல மேலே ஏறும். கொத்தனார்கள் இதை ஓதம் என்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் தானாகக் காயும். சிமென்ட் விடாது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுபவனுக்கு உள்ளே வேர்த்துக் கொட்டுவதுபோல, ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்து பொடியாக்கும்.

தென் மாவட்ட ஊர் ஒன்றில், இப்படிச் சீரமைத்துச் சில வருஷமே ஆன மண்டபத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பச்சை பெயின்ட், தரையிலிருந்து இடுப்புயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சாவியால் லேசாகச் சுரண்டியதும் வெள்ளை உப்பு உதிர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்த செங்கல்லை விரலாலேயே தோண்ட முடிந்தது. ஒப்பந்ததாரர் சொன்ன மருந்து என்ன தெரியுமா? கீழ்ச்சுவர் முழுக்க டைல்ஸ். அப்படி ஒட்டினால் ஓதம் நிற்காது, டைல்ஸைத் தாண்டி இன்னும் மேலே ஏறும். சிமென்ட்டை உரித்துவிட்டுச் சுவரைச் சும்மா காயவிடுங்கள் என்றேன். சும்மா விடுவதற்கு எந்த எஸ்டிமேட்டிலும் இடமில்லையே!

சரி, சுண்ணாம்பு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊறி நுரைக்க வேண்டும். மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதை அவசரப்படுத்த முடியாது. கடுக்காய், வெல்லம் என்றதும் பாட்டி வைத்தியம் என்று சிரிக்கும் இளம் பொறியாளர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், கலவையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.

அடுத்தது கூரை. பல மண்டபங்களில் இருப்பது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் குறுக்காக அடுக்கிய அச்சுக்கல் என்னும் சன்னமான செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம், கடைசியில் தட்டோடு எனும் தட்டையான ஓடு. எங்காவது ஒழுகினால் காரணம் தேடாமல் மேலே இன்னொரு தளம் போடுவது நம் பழக்கம். மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. அந்தச் சுமை முழுவதும் நூறு வயதுத் தேக்கின்மேல்தான் இறங்குகிறது. அந்தத் தேக்கோ நடுவில் கல்மாதிரி இருந்தாலும், சுவருக்குள் புதைந்த முனையில் ஈரத்தில் உளுத்திருக்கும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. முனைக்கு முனை திறந்து பார்க்க வேண்டும். ஒழுகலுக்குக் காரணமோ பல நேரம் மாடியின் மழைநீர் வெளியேறும் தூம்பு அடைத்திருப்பது, கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்று. கன்றை மேலோடு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும்.

அப்புறம், என்ன பயன்பாடு என்ற கேள்வி. இதைக் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. கூட்டம், கச்சேரி, நாடகம், கண்காட்சி, படிப்பகம் எல்லாம் இந்த மண்டபங்களுக்குப் பழக்கமானவை. கல்யாண ரிசப்ஷன் வேறு சங்கதி. தூணில் ஆணி, மாடியில் தண்ணீர்த் தொட்டி, பின்கட்டில் அடுப்பு என்று எல்லாம் கூடவே வந்துவிடும். சமையலறையும் கழிப்பறையும் வளாகத்தில் தனிக் கட்டடமாக இருக்கட்டும். ஏசிக்காகப் பொய்க்கூரை போட்டால் உயரத்து வெளிச்ச சன்னல்கள் மறைந்து, உத்திரத்தில் கரையான் ஏறுவதும் கண்ணில் படாது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டாயம். ஆனால் பழைய படியை இடிக்காமல் பக்கவாட்டில் போட்டுவிட முடியும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் தீப்பிடித்தபோது, அரசு அலுவலகங்கள் இயங்கிய அந்தக் கட்டடத்தின் கூரையே இடிந்து விழுந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அதைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே மீட்டது. மரக் கூரை உள்ள இடத்தில் பழைய வயரிங்கை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், தற்காலிக இணைப்புகளை அனுமதிக்காதீர்கள்.

உங்கள் ஊர் மண்டபத்துக்கு நிதி வந்திருந்தால், டெண்டர் போகும் முன் எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள். 'பழைய பூச்சை முழுவதும் அகற்றி சிமென்ட் பூச்சு' என்ற வரி இருந்தால் அங்கேயே கேள்வி எழுப்பலாம். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெரிதாக வேண்டாம், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருவர் மாடியேறித் தூம்பில் கிடக்கும் சருகை அள்ளவும், உடைந்த தட்டோட்டை மாற்றவும் ஆகும் கூலி போதும்.