நடுவிரல் தாங்கும் ஆறு கிலோ

உச்சிப்புளிப் பக்கமிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேள்வி அனுப்பியிருக்கிறாள். பின்லாந்தில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா, விடுமுறைக்கு வந்தபோது டிஸ்க் கோல்ஃப் தட்டுகள் மூன்று வாங்கிவந்தாராம். அரியமான் கடற்கரையில் சவுக்கு மரத்தில் பழைய மீன்கூடையைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் அதைக் குறிவைத்து எறிந்து பழகுகிறார்கள். கேள்வியை அவள் எழுதியபடியே தருகிறேன்.

“மாமா, பேக்ஹேண்ட்ல வீசினா தட்டு நேராப் போகுது. ஃபோர்ஹேண்ட் போட்டா அப்பளம் மாதிரி தள்ளாடி, கொஞ்ச தூரத்துலயே வலது பக்கம் சரிஞ்சு மண்ணுல சொருகுது. சித்தப்பா ‘பிடி சரியில்ல’ன்னு மட்டும் சொல்லிட்டு பிளைட் ஏறிட்டார். பிடியில அப்படி என்ன இருக்கு?”

நிறைய இருக்கிறது. கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் அங்கிருந்து வீசுவது பேக்ஹேண்ட், வீசும் கை இருக்கும் பக்கத்திலிருந்தே வீசுவது ஃபோர்ஹேண்ட். முதலில் விளையாட்டைப் பற்றி நாலு வரி. கோல்ஃப் பந்துக்குப் பதிலாகத் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக்கூடை. குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார். 1970களில் கலிபோர்னியாவில் இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். 2002இல் அவர் இறந்தபிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நம் ஊரில் அஸ்தியைக் கரைக்க அக்னி தீர்த்தம் வருகிறார்கள். அந்த மனிதர் பறந்துகொண்டே இருக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

கடையில் விற்கும் பிரிஸ்பீக்கும் இந்தத் தட்டுக்கும் வித்தியாசம் உண்டு. இது சிறியது, குறுக்களவு சுமார் 21 செ.மீ. எடை 175 கிராம் வரை. 1983 முதல் வரும் தட்டுகளில் விளிம்பு சாய்வாகச் செதுக்கியதுபோல் இருக்கும். விளிம்பு தடியாக இருப்பதால் எடையில் பெரும்பங்கு அங்கேதான். உள்பக்கம் விரல் வைக்க ஒரு சுவர் மாதிரி அமைந்திருக்கும். அந்தச் சுவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு ஏன் பறக்கிறது என்பது பள்ளிப் பாடம். காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தள்ளுகிறது. சுழலாமல் எறிந்தால் உடனே புரண்டு விழும். சுழன்றால் பம்பரம்போல அச்சைக் காப்பாற்றிக்கொள்ளும். பம்பரத்தை ஆணிமேல் சுற்றவிட்டு லேசாகச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்த பக்கம் விழாமல், அச்சு வேறு திசையில் நகர்ந்து வட்டமடிக்கும். சுழலும் பொருளைத் தள்ளினால் தள்ளிய பக்கம் போகாது, கால் சுற்று தள்ளித்தான் பதில் சொல்லும். நம் தட்டிலும் இதே கதை. வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் முன்பாதிக்கு நகர்ந்து முகத்தைத் தூக்கப் பார்க்கும். சுழற்சி அதைப் பக்கவாட்டுச் சாய்வாக மாற்றிவிடும். வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்ட் வீசினால், மேலிருந்து பார்க்கையில் தட்டு கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும், அதனால் கடைசியில் வலப்பக்கம் சரியும். பேக்ஹேண்டில் சுழற்சி நேர்மாறு, சரிவு இடப்பக்கம். ஆகவே வலப்பக்கம் சரிவது குற்றமே இல்லை, அது தட்டின் சுபாவம். சீக்கிரமே சரிவதும் தள்ளாடுவதும்தான் கோளாறு. சுழற்சி போதவில்லை, கொடுத்த சுழற்சியும் சுத்தமாக இல்லை. இரண்டும் பிடியில்தான் பிறக்கின்றன.

சரி, பிடிக்கு வருவோம்.

ஊருணியில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருக்கிறீர்களா? தட்டையான சில்லைச் சாய்த்து வீசினால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகுமே, அதுதான். கையைப் பக்கவாட்டில் வைத்து, சுட்டுவிரலைச் சில்லின் விளிம்பில் சுற்றிப் பிடித்து, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி விடுவோம். ஃபோர்ஹேண்ட் என்பது கிட்டத்தட்ட அதே வீச்சு. சில்லில் விரல் வெளிவிளிம்பில் இருக்கும், தட்டில் உள்சுவரில் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஃபோர்ஹேண்ட் கற்றுக்கொடுக்கவே வேண்டாம், ஞாபகப்படுத்தினால் போதும் என்பது என் கட்சி.

உள்ளங்கை வானத்தைப் பார்க்கட்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் கவையில் தட்டின் விளிம்பை இடைவெளி இல்லாமல் அழுத்திச் செருகுங்கள். பெருவிரல் மேலே, தட்டின் முதுகில். நடுவிரலின் சதைப்பகுதி, அதாவது கைரேகை வைக்கும் இடம், உள்சுவரில் பதியவேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி, விளிம்பின் வெளிப்பக்கத்துக்குக் கீழே ஒதுங்கும். சுட்டுவிரல் எங்கே என்பதில்தான் இரண்டு கட்சி. நடுவிரலோடு ஒட்டி அதையும் சுவரிலேயே வைப்பது ஒரு பிடி, இதில் மணிக்கட்டு தாராளமாக மடங்கும், வேகம் அதிகம். சுட்டுவிரலைத் தட்டின் நடுப்பகுதி நோக்கி வயிற்றுப்பக்கம் நீட்டுவது இன்னொரு பிடி. இதில் மணிக்கட்டின் மடக்கு கொஞ்சம் குறையும். ஆனால் தட்டுக்குக் கீழே ஒரு தாங்கல் கிடைக்கும், ஆட்டம் அடங்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். கை முன்னால் பாயும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கிக் கிடக்கிறது, தட்டு கையைத் தொடர்ந்து இழுபட்டு வருகிறது. முன்கை சட்டென்று வேகம் குறைந்ததும் மணிக்கட்டு முன்னால் சுண்டுகிறது. அந்த நேரத்தில் பெருவிரல் பிடி தளர ஆரம்பித்துவிடும், தட்டு கையைவிட்டுப் போகப் பார்க்கும். ஆனால் நடுவிரல் இன்னும் சுவரைப் பற்றியிருக்கிறது. கதவு கீலைச் சுற்றித் திறப்பதுபோல, தட்டு முழுவதும் அந்த ஒரு விரல்நுனியைச் சுற்றித் திரும்புகிறது. கால் சுற்றோ அதற்கும் குறைவோ திரும்பியதும் விரல் வழுக்கி விடுபடும். தட்டு போய்விட்டது. சுழற்சியில் பெரும்பகுதி இந்தக் கண்ணிமைப்பில்தான் ஏறுகிறது.

அந்த விரல்மேல் எவ்வளவு பாரம்? கணக்குப் போடலாம். விடுபடும்போது தட்டு நொடிக்கு 10 சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். பழகியவர்களின் பேக்ஹேண்ட் இதைவிட வேகமாகச் சுற்றும். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டு போய்வரும் தூரம் குறைவு, அதனால் சுழற்சியும் பொதுவாகக் குறைவு. கோணத்தை ரேடியனில் அளந்தால் ஒரு சுற்று 6.28 ரேடியன், 10 சுற்று என்றால் கோணவேகம் நொடிக்கு 63 ரேடியன். விரலிலிருந்து தட்டின் மையம் 8.5 செ.மீ. தூரத்தில். மையநோக்கு விசை என்பது நிறை, ஆரம், கோணவேகத்தின் வர்க்கம் மூன்றின் பெருக்கல். 0.175, 0.085, 63இன் வர்க்கம். பெருக்கினால் சுமார் 59 நியூட்டன் வருகிறது. ஆறு கிலோ எடையை ஒரு கயிற்றில் கட்டி நடுவிரல் நுனியில் மாட்டினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு! சுழற்சி இரட்டித்தால் பாரம் நான்கு மடங்கு.

இப்போது தள்ளாட்டத்துக்குக் காரணம் தெரியும். ஆறு கிலோ பாரத்தில் தட்டை இழுக்கும் விரல், தட்டின் நிறைமையம் இருக்கும் தளத்திலேயே இழுத்தால் எல்லா இழுப்பும் சுழற்சியாகிவிடும். விரல் அரை செ.மீ. கீழே நழுவி, சுவரின் அடிவிளிம்பை மட்டும் கொக்கிபோட்டு இழுத்தால், அதே விசை தட்டைப் புரட்டவும் பார்க்கும். தோராயமாகக் கணக்கிட்டேன்: 60 நியூட்டன், அரை செ.மீ., நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். தட்டின் அச்சு மூன்று நான்கு டிகிரி விலகிவிடுகிறது. பார்வைக்கு அப்பளம் நடுங்குவதுபோல் இருப்பது இதுதான். விரலை உள்சுவரும் தட்டின் வயிறும் சேரும் மூலைவரை ஏற்றி வைக்கச் சொல்வதும், பெருவிரலை மேலே அழுத்தச் சொல்வதும், கவையில் இடைவெளி விடாதே என்பதும் இதற்காகத்தான். உள்ளங்கையைக் கடைசியில் கவிழ்த்துவிடும் பழக்கம் இருந்தால் இதையெல்லாம் செய்தும் பிரயோசனம் இல்லை, அச்சு அங்கேயே திரும்பிவிடும்.

நடுங்கும் தட்டுக்கு இயற்பியலில் ஒரு பரம்பரை உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் போட, அது சுழல்வதையும் ஆடுவதையும் ரிச்சர்ட் ஃபெயின்மன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வேகங்களுக்கும் 2:1 என்ற உறவு இருப்பதைக் கண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்த விளையாட்டுப் புத்திதான் தன்னை மறுபடி இயற்பியலுக்குள் இழுத்தது என்று பின்னாளில் சொன்னார். 1965இல் நோபல் பரிசு. வேடிக்கை என்னவென்றால், கதை சொல்லும்போது விகிதத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். உண்மையில் ஆட்டம்தான் சுழற்சியைவிட இரண்டு மடங்கு வேகம். தட்டையான பொருளுக்கு நடு அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு), குறுக்கு அச்சைப் பற்றியதுபோல் இரு மடங்கு. பதினோராம் வகுப்பில் செங்குத்து அச்சுத் தேற்றம் என்று வரும். நோபல் வாங்கினவருக்கே மாறிப்போகும் என்றால் பரீட்சையில் மாற்றி எழுதிய பிள்ளையைத் திட்டவேண்டியதில்லை.

இன்றைக்கு ஒருவர் ‘சாப்பாட்டுத் தட்டு ஆடுவதைப் பார்க்கப்போகிறேன்’ என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘சமுதாயப் பயன்’ என்ற கட்டத்தில் எதை நிரப்புவார்? நம் கல்லூரிகளில் பிள்ளைகள் செய்யும் புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் பயன் என்ன, சந்தை என்ன என்று முதல் நாளே கேட்டுவிடுகிறோம். வேடிக்கை பார்ப்பதற்கென்று பத்தில் ஒரு பங்கு பணமாவது ஒதுக்கினால் நாடு ஒன்றும் நொடித்துவிடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீச்சுவலை போடும் பெரியவர் ஒருவரைக் கைராசிக்காரர் என்பார்கள். அவர் வலையில் மீன் படும், பக்கத்தில் நிற்பவர் வலையில் படாது. ராசி என்று முடித்துவிடுவார்கள். நான் ஒரு காலை முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டுகிறார். வலையில் ஒரு பங்கை முழங்கையில் போட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஓரிடத்தைப் பல்லில் கடித்துக்கொள்கிறார். இடுப்பைத் திருப்பி வீசும்போது, பல்லையும் விரல்களையும் விடும் வரிசை ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது. சுழற்சியில் குண்டுகள் வெளியே ஓட, வலை முழு வட்டமாக விரிந்து விழுகிறது. பக்கத்தில் நின்றவருக்கோ வலை பாதி விரிந்து வாழைப்பூ மாதிரி விழுந்தது. ராசி என்று சொல்லிவிட்டால் அந்த வரிசையை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 175 கிராம் தட்டு எந்த மூலைக்கு? எதிர்க்காற்றில் தட்டு உணரும் வேகம் கூடும். அப்போது தூக்குவிசை பின்பாதிக்குப் போய், ஃபோர்ஹேண்ட் தட்டு வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் புரளும். நடுங்கும் தட்டு என்றால் இன்னும் மோசம். வாடைக்காற்று கடலிலிருந்து அடிக்கும் ஒரு நாள், கடலைப் பார்த்து நின்று எறிந்து பார்த்தேன். தட்டு இடப்பக்கம் புரண்டு, உயர எழும்பி, பின்னால் திரும்பி வந்து, ஒரு அம்மா வலைவிரித்துக் காயப்போட்டிருந்த கருவாட்டின் நடுவில் இறங்கியது. “ஏய்யா, இந்த வயசுல இதெல்லாம் உமக்குத் தேவையா?” என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. கருவாட்டைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உப்புக்காற்றில் கை பிசுபிசுக்கும். மணல் ஒட்டினால் விரல் நேரத்துக்கு முன்பே வழுக்கும். ஒவ்வொரு எறிக்கும் முன்னால் தட்டின் உள்சுவரையும் விரலையும் துண்டால் துடைப்பது அவசியம். முதல் இரண்டு வாரம் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் எறியவேண்டாம். முழங்கையை விலாவுக்குப் பக்கத்தில் வைத்து, மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். வேகமாக எறிய ஆசைப்பட்டால் தோளும் முழங்கையும்தான் வலிக்கும், தட்டு அதே இடத்தில்தான் விழும்.

இவ்வளவையும் எழுதி அவளுக்கு அனுப்பி, கூடவே ஒரு வேலையும் கொடுத்திருந்தேன். தட்டின் முதுகில் மையத்திலிருந்து விளிம்புவரை கறுப்பு டேப் ஒட்டி, போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோ வைத்துப் பழைய பிடியில் ஒரு தடவை, புதிய பிடியில் ஒரு தடவை எறியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் வந்தன. பழைய பிடி வீடியோவில் அவளே படம் படமாக நகர்த்தி எண்ணியிருந்தாள். 60 படங்களில் டேப் இரண்டு முறை சுற்றியது. அதே 60 படங்களில் விளிம்பு எழுந்து தாழ்ந்தது நான்கு முறைக்குக் கொஞ்சம் குறைவு. தட்டுக்குக் கொஞ்சம் தடிமன் இருப்பதால் அந்தக் குறைவு வரத்தான் வேண்டும். புதிய பிடியில் ஆட்டத்தை எண்ண முடியவில்லையாம், அவ்வளவு சின்னது.

60 படத்துக்கு இரண்டு சுற்று என்றால் நொடிக்கு 8 சுற்று. அவள் விரல் தாங்கியது நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று பதில் போட்டேன். உடனே திருப்பிக் கேட்டாள்: “மாமா, நடுவிரல் நுனி சிவந்திருக்கு. போட்டோ எடுத்து அனுப்பவா?”